சிங்காநல்லூர் குளத்தில் ஒரு வகுப்பு: நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வேலந்தாவளம் தாண்டினால் கோவை. சுற்றுலா என்றாலே மலம்புழா அணை கேட்கும் பிள்ளைகளை இந்த முறை சிங்காநல்லூர் குளத்துக்கு அழைத்துப் போனோம். "ஊருக்குள்ள இருக்கிற குளத்துல என்ன டீச்சர் இருக்கும்?" என்று வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

பறவைப் பட்டியல் எதையும் கையில் கொடுக்கவில்லை. கொடுத்தால் டிக் அடிப்பதில்தான் குறியாக இருப்பார்கள். நிழலாகப் பார்த்து உட்காரவைத்து, "ஒரே ஒரு பறவையைப் பிடிச்சுக்கோ, அது கிளம்புற வரைக்கும் அதையே பார்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு பெண் தனக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அவள் காலடிக்குச் சற்றுத் தள்ளி, கோரைப்புல் ஓரத்திலிருந்து திடீரென்று வெள்ளையாக ஒன்று எழும்பிப் பறந்தது. மடையான், ஒரு வகைக் கொக்கு. அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறது! "உட்கார்ந்திருந்தது பழுப்பு, பறந்தது வெள்ளை, ரெண்டும் வேற வேற" என்று ஒரு கட்சி. "இல்லை, ஒண்ணுதான்" என்று இன்னொரு கட்சி. நான் வாயைத் திறக்கவில்லை. அது எதிர்க்கரையில் இறங்கி இறக்கையை மடக்கியதும் சேற்றோடு சேறாக மறைந்துபோனது. முதுகும் கழுத்தும் பழுப்பு, வெள்ளையெல்லாம் இறக்கைக்குள்ளே மடிந்திருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் தகவமைப்பு என்று நான் எத்தனை நாள் நடத்தினாலும் இது வந்திருக்காது.

பட்ட மரத்தில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து நின்றது. "சட்டையைக் காயப்போட்ட மாதிரி நிக்குதே, வாத்து ஏன் அப்படி நிக்கலை?" நல்ல கேள்வி. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் வெளி இறகுகள் நனையும். அதனால்தான் மிதப்பு குறைந்து, மூழ்கி மீனைத் துரத்த முடிகிறது. அப்புறம் வெயிலில் காயவைத்தே ஆக வேண்டும்.

ஒரு மூலையில் சாக்கடை நாற்றம். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று உடன் வந்த ஆசிரியை சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கரை மேலேயே நிறுத்திக் காட்டினேன். சாக்கடையில் வரும் சத்தைத் தின்றுதான் அந்தச் செடி இப்படிப் பெருகுகிறது, தண்ணீரை மூடி வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கிறது என்றேன். ஒரு பையன், "இந்தத் தண்ணி நம்ம ஊருக்கு வருமா டீச்சர்?" என்றான். வராது. இது நொய்யல் தண்ணீர். வெள்ளியங்கிரியில் பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது. நம்ம சித்தூர்ப்புழை மேற்கே போய், பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலைத் தொடுகிறது. "அப்ப நம்ம ஊர்ச் சாக்கடை?" என்றான் அடுத்து. அடுத்த வகுப்பு சித்தூர்ப்புழைக் கரையில்தான்.

சிங்காநல்லூரிலிருந்து ஒருவர்:
டீச்சர், வணக்கம்ங்க. காலை நடைக்குத் தினமும் அந்தக் கரைக்குப் போகிறவன் நான். 2017-ல் மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று அறிவித்தது. அறிவித்தது பெரிய விஷயம்தான், ஆனாலும் உள்ளே வரும் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் அது முழுமையாகாதுங்க. போன வருசம் என் மகள் முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவையின் கூட்டைக் கண்டுபிடித்தாள். குப்பை மிதக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். தாய் எழுந்து போகும்போது அவசர அவசரமாகப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போனது. அதனால் ஒரு வேண்டுகோள்: மிதக்கிற எதன் மேலும் பிள்ளைகளைக் கல் எறிய விடாதீங்க. வெயில் ஏறுவதற்குள் வந்தால் இன்னும் நிறையப் பார்க்கலாம்.

எறணாகுளத்திலிருந்து:
இங்கே உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் மங்களவனம் இருக்கிறது. மொத்தமே 2.74 ஹெக்டேர், 2004-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். காயலிலிருந்து வரும் ஒரே கால்வாயில்தான் அலை ஏறி இறங்குகிறது. காலையில் தண்ணீருக்குள் இருந்த கண்டல் மரத்தின் (அலையாத்தி) மூச்சு வேர்களை, தண்ணீர் வற்றியதும் என் அக்கா மகன் சேற்றில் எண்ண ஆரம்பித்துவிட்டான். வேர் ஏன் மேலே பார்த்து வளர்கிறது என்று கேட்டு விடவே இல்லை. சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது என்றேன். மேலே பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, உச்சி வெயிலில் இறக்கையால் விசிறிக்கொண்டிருந்தன. அதை விட்டு வர அவனுக்கு மனசே இல்லை. டீச்சர், பாலக்காட்டிலிருந்து ரயிலில் ஒரே நாளில் வந்து திரும்பலாம். கொசு அதிகம், முழுக்கைச் சட்டை போட்டு அழைத்து வாங்க.