பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு நீரிழிவின் அறிகுறிகள் எவை?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக எனக்குப் பிசிஓஎஸ் இருக்கிறது. அண்மையில் பின்கழுத்து கறுத்துவிட்டது; எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 98 தான். இது நீரிழிவாக இருக்குமா?

பதில் 1: அது அழுக்கன்று, தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது உடல் அதை மிகுதியாகச் சுரப்பதால், கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட் போலக் கறுக்கிறது. அதை மட்டும் வைத்து நீரிழிவு என்று முடிவுசெய்ய இயலாது.

பதில் 2: பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்று அளவு சரியாக இருந்தும் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவதுண்டு என்பதால், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். 140-க்குக் கீழ் இயல்பு. 200-ஐத் தொட்டால் நீரிழிவைக் குறிக்கும்.

பதில் 3: எனக்கு முதலில் வந்தது தாகமன்று, திரும்பத் திரும்ப வந்த பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று. கூச்சத்தால் ஆறு மாதம் சொல்லாமலேயே இருந்துவிட்டேன்.