மறு: கோல்ஃப் கிட்டத்து அடிகள் – ‘தூக்கடி’ வேண்டாம்

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன்.

விளையாட்டுக் கலைச்சொல் தொகுப்புக்காக, கோல்ஃபில் குழிக்குக் கிட்ட வந்தபின் அடிக்கிற ‘சிப்’ (தாழப் பறந்து உருள்வது), ‘பிட்ச்’ (உயரப் போய் இறங்கி நிற்பது) போன்ற சின்ன அடிகளுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். அநேகமானவை ஆங்கிலச் சொல்லின் ஒலியையோ அகராதிப் பொருளையோ பிடித்துக்கொண்டு போகின்றன. கோலைக் கையில் பிடித்து அந்த அடியைப் பழகுகிற பிள்ளையின் காதில் இந்தச் சொல் விழுந்தால் கை என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதற்கேள்வி. சீனன்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் திடல் இருப்பதால், இந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த, கோற்பை சுமந்த தமிழர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

> ‘சிப்’ என்பதற்குச் ‘சில்லடி’ எனலாம். ஒலியும் ஒத்துவருகிறது.

ஐயா, இலங்கையில் சில்லு என்றால் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டில் சில்லு என்றுதான் நாங்கள் சொல்வோம். தமிழ்நாட்டிலோ அது உடைந்த துண்டு. இரண்டு கரையிலும் இரண்டு பொருள் தருகிற சொல், இரண்டிலும் பந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒலி ஒற்றுமைக்காக இதை ஏற்க எனக்கு மனமில்லை.

> பந்து மேலெழும்பிப் போய் விழுகிறது. எனவே ‘தூக்கடி’ பொருத்தம். எளிமையும் கூட.

இதைத்தான் நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். சொல் எளிமையானது, அழகானது, தமிழாகவும் இருக்கிறது. ஆனால் பழகுகிறவனுக்கு அது கெடுதல் செய்யும்.

பந்தும் கோலும் சந்திக்கிற இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கோலின் முகம் நேராக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. கிட்டத்து அடிக்கு எடுக்கிற ‘வெட்ஜ்’ வகைக் கோல்களில் ஒன்றான பிட்சிங் வெட்ஜில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 44 இலிருந்து 48 பாகை. மணலுக்கான சாண்ட் வெட்ஜில் 54 இலிருந்து 58 பாகை. கை சற்று முன்னே இருக்க, கோல் மெல்லக் கீழ்நோக்கி வந்து முதலில் பந்தைத் தொட்டு, பிறகு புல்லை உரசிக்கொண்டு போகவேண்டும். அந்தக் கணத்தில் பந்து சாய்ந்த முகத்தில் ஏறிப் பின்சுழற்சியோடு தானாக எழும்புகிறது. அதை எழுப்புவது கோலின் சாய்வு. ஆடுகிறவருடைய கைக்கு அதில் வேலையே இல்லை.

புதிதாகப் பழகுகிறவர் இதை நம்பமாட்டார். பந்தை மேலே அனுப்ப வேண்டுமென்று மணிக்கட்டை மடித்து அள்ளப் பார்ப்பார். எடை பின்காலுக்குப் போய்விடும். கோலின் தலை கையை முந்திக்கொள்ளும். கோல் வரும் வளைவின் ஆகத் தாழ்ந்த இடம் பந்துக்குப் பின்னால் விழும். பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. கோல் மண்ணைக் கொத்திப் பந்து ஒரு முழம் நகரும். இல்லையென்றால் கோல் மேலேறும்போது முன்விளிம்பு பந்தின் இடுப்பில் இடித்து, பந்து தரையோடு தரையாகச் சீறிக் குழித்தரையின் (குழி வெட்டி, உருட்டுவதற்கென்று பண்படுத்திய தரையின்) மறுபக்கம் போய் நிற்கும். கிட்டத்து அடியில் வருகிற பிழைகளில் பெரும்பங்கு இந்த அள்ளலில் இருந்துதான் பிறக்கிறது. நல்ல பயிற்றுநர் எல்லோரும் முதலில் சொல்லித்தருவது ‘தூக்காதே’ என்பதுதான்.

அடிக்கே ‘தூக்கடி’ என்று பெயர் வைத்துவிட்டால் அவர் என்ன சொல்லுவார்? ‘இது தூக்கடி, ஆனால் தூக்காதே’ என்றா? சொல்லின் முதல் அசையிலேயே கைக்குப் பிழையான கட்டளை போய்விடுகிறது.

கோற்பை சுமக்கிற தம்பி ஒருவர் வெளியூர்க்காரர் ஒருவருக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். “சேர், நீங்கள் தூக்காதேங்கோ, கோல் தூக்கும். முன்னுக்குக் கொஞ்சம் தத்த விடுங்கோ, மிச்சத்தை உருண்டு போகும்.” கலைச்சொல்லாக்கம் பற்றி ஒரு வரியும் படித்தவரில்லை. அந்த அடியின் முழு இயல்பும் அவருடைய இரண்டு வினைகளில் இருக்கிறது. தத்துதல், உருளுதல். குருவி தத்துவது போலப் பந்து புல்லின் கரையைத் தாண்டி ஒரு சின்னத் தத்துத் தத்துகிறது. பிறகு தூரத்தின் பெரும்பகுதியை உருண்டே கடக்கிறது. ஆகவே சிப்புக்கு என் பரிந்துரை தத்துருட்டு. ‘தத்துருட்டா அடி’, ‘தத்துருட்டு விழுந்திட்டுது’ என்று வாய்க்கும் வருகிறது. குழித்தரையில் வெறுமனே உருட்டுவதை ‘உருட்டு’ என்று ஏற்கெனவே இந்த இழையில் ஒத்துக்கொண்டோம். அதற்கும் இதற்கும் உள்ள உறவும் பெயரிலேயே தெரிகிறது. அடிக்கிற முறையும் அப்படித்தான்: கால்களை நெருக்கி, எடையை முன்காலில் வைத்து, மணிக்கட்டை ஆடவிடாமல் உருட்டு அடிப்பது போலவே தோளால் ஆட்டுவார்கள்.

> சிப், பிட்ச் இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா? இரண்டும் குறுகிய அடிதானே?

போதாது, தம்பி. இரண்டையும் பிரிப்பது அடியின் நீளம் அல்ல. எவ்வளவு பறக்கிறது, எவ்வளவு உருள்கிறது என்ற விகிதம். தத்துருட்டில் உருள்தூரம் கூட, பறதூரம் குறைவு. பிட்சில் பறதூரம் கூட, உருள்தூரம் குறைவு. ஆட்டக்காரர் கைக்கணக்காக வைத்திருக்கிற ஒரு விதி உண்டு: 12 இலிருந்து கோலின் எண்ணைக் கழிக்க வேண்டும். வருகிற விடை, ஒரு பங்கு பறந்தால் எத்தனை பங்கு உருளும் என்பது. 7ஆம் இலக்க இரும்புக்கோலில் ஐந்து பங்கு, 8 இல் நான்கு, 9 இல் மூன்று. பிட்சிங் வெட்ஜைப் 10 என்று எண்ணினால் இரண்டு பங்கு. பந்திலிருந்து மூன்று காலடித் தூரத்தில் பந்தை இறக்க ஒரு நல்ல சமதரை இருக்கிறது, அங்கிருந்து குழி இன்னும் ஒன்பது காலடி என்றால், 9ஆம் இலக்கக் கோலை எடுத்து அந்த இடத்தில் இறக்கினால் போதும். சரிவும் புல்லின் ஈரமும் கணக்கைக் கூட்டிக் குறைக்கும். ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குழியைப் பார்க்காமல் பந்து இறங்க வேண்டிய இடத்தைப் பார்த்து அடிக்கவும் இது பழக்கும். அந்த இடத்துக்கு ‘இறங்கிடம்’ என்றே வைக்கலாம்.

எங்கள் ஊர் மண்ணுக்கு இந்தப் பிரிவு மிகவும் வேண்டியது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் நிலம் காய்ந்து இறுகிவிடும். அந்த நேரம் அடிப்பகுதி புடைத்த சாண்ட் வெட்ஜை எடுத்தால், அந்தப் புடைப்பு இறுகிய தரையில் பட்டுத் துள்ளும், முன்விளிம்பு பந்தின் நடுவில் போய் இடிக்கும். காற்றும் உயரப் போன பந்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கச்சானில் தத்துருட்டுத்தான் கைகொடுக்கும். புல் நன்றாகக் கட்டையாக இருந்தால் கரையிலிருந்தே உருட்டுகோலால் உருட்டுவது அதைவிடப் பாதுகாப்பு. மாரி மழை பெய்து தரை ஊறினபிறகு கதை மாறும். தத்திய பந்து ஈரப்புல்லில் அடங்கிவிடும், உயரப் போய் இறங்கி நிற்கிற அடி தேவைப்படும். பருவம் பார்த்து அடியை மாற்றுகிற இடத்தில் இரண்டு அடிக்கும் ஒரே பெயர் என்றால் பயிற்றுநர் எதைக் கொண்டு சொல்லிக்கொடுப்பார்?

இனிப் பிட்ச். ‘வளைவடி’ என்று ஒரு மடல் சொன்னது. கோல்ஃபில் பந்து இடம் வலமாக வளைவது தனிப்பெரிய விசயம், அதோடு இது குழம்பும். என் மனதில் இருப்பது அமரடி. இறங்கிய இடத்தில் ஒரு துள்ளல், பிறகு பந்து அமர்ந்துவிடுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த அடியை வேறுபடுத்திக் காட்டுவது அந்த அமர்வுதான். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. வேகம் கூடுவதை ஆர்முடுகல் என்றும் குறைவதை அமர்முடுகல் என்றும் படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு முடுக்கம் என்றால்தான் விளங்கும். ஆனாலும் ‘அமர்’ என்ற வினை இரு பக்கத்துக்கும் சொந்தம்.

> ‘அமரர்’ என்று போடுவது இறந்தவர்களுக்கல்லவா? காதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அக்கா, உங்கள் தயக்கம் விளங்குகிறது. எங்கள் ஊர் மரண அறிவித்தல்களில் அந்தச் சொல்லைப் பார்க்காத நாளில்லை. ஆனால் பாடசாலை ஒன்றுகூடலில் ‘எல்லோரும் அமருங்கள்’ என்று சொல்லும்போது ஒருவருக்கும் அந்த நினைவு வருவதில்லை. ‘அடி’ சேர்ந்தபின் ‘அமரர்’ நினைவு இன்னும் தேய்ந்துவிடும் என்று நம்புகிறேன். எனக்கு உள்ள ஐயம் வேறு. அமர்வது பந்து, கோல் அல்ல. பந்தை நெருங்கும்போது பயத்தில் கோலின் வேகத்தைக் குறைப்பது இந்த அடியில் வருகிற மற்றப் பெரிய பிழை. பின்னால் எடுத்த அளவுக்குக் குறையாமல் முன்னாலும் கோல் போகவேண்டும். ‘அமரடி’ என்று கேட்டதும் பிள்ளை கோலை அமர்த்திவிடுமோ என்று யோசிக்கிறேன். தூக்கடிக்கு வைத்த அதே உரைகல்லை என் சொல்லுக்கும் வைக்கத்தானே வேண்டும். பழக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோலின் முகத்தை நன்றாக விரித்துப் பந்தை ஆக உயரத்துக்கு அனுப்புவதை மிதவடி எனலாம். மணற்குழியிலிருந்து அடிப்பதற்கு ‘மணலடி’ நூறு வீதம் சரி. அங்கே கோல் பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்குச் சற்றுப் பின்னால் மணலில் இறங்குகிறது, மணல்தான் பந்தை வெளியே தள்ளுகிறது. 1930களின் தொடக்கத்தில் ஜீன் சரசன் வெட்ஜின் அடிப்பகுதியைப் புடைக்கச் செய்தது இந்த வேலைக்காகத்தான். மண்ணில் பட்ட பிழைக்குக் ‘கொத்தல்’, முன்விளிம்பால் இடித்த பிழைக்கு ‘விளிம்படி’.

குழித்தரையை ஆங்கிலத்தில் ‘கிரீன்’ என்பதால் சொன்ன ‘பச்சைத்தரை’ என்பதை நான் ஏற்கவில்லை. வரண்ட நாடுகளில் மணலை இறுக்கி அந்தத் தரையை அமைத்த திடல்கள் உண்டு. நிறம் மாறும், பயன் மாறாது. ‘குழித்தரை’ இருக்கட்டும்.

> ஒரே அடியில் பந்தில் இருமுறை பட்டால் ‘இரட்டையடி’.

இங்கே கவனம் வேண்டும். 1985 அமெரிக்க ஓப்பனின் இறுதிச் சுற்றில் தைவானின் டி. சி. சென் நான்கு அடி முன்னிலையில் இருந்தார். ஐந்தாம் குழியில் நீண்ட புல்லுக்குள் இருந்து கிட்டத்து அடி ஒன்றை அடித்தபோது, எழும்பிய பந்தில் அதே கோல் இரண்டாம் முறையும் பட்டுவிட்டது. அன்றைய விதிப்படி தண்டம் ஒன்று சேர, நான்கில் முடிக்கவேண்டிய குழி எட்டில் முடிந்தது. ஈற்றில் ஆன்டி நோர்த்திடம் ஒரே ஓர் அடியால் கிண்ணத்தை இழந்தார். 2019 இல் வந்த விதிகளின்படி தற்செயலாக இருமுறை பட்டாலும் அது ஓர் அடிதான், தண்டமில்லை. விதிநூலில் அடி என்பது கோலை வீசுகிற செயல். படுவது வேறு. ‘இரட்டையடி’ என்று எழுதினால் இரண்டு அடி எண்ணவேண்டும் என்று ஆகிவிடும். ‘இருபடல்’ என்று வைப்போம். ‘அடி’ என்ற சொல்லைத் தொகுப்பு முழுவதும் எண்ணிக்கைக்குரிய அந்தச் செயலுக்கு மட்டுமே வைத்திருப்போம்.

‘வெட்ஜ்’ அப்படியே இருக்கட்டும். ‘ஆப்பு’ என்று மாற்றிப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். நுவரெலியாத் திடல் 1889 இலிருந்து இருக்கிறது. சுற்றிவரத் தமிழர் வாழ்கிற தோட்டங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பழைய திடல்கள் உண்டு. அங்கெல்லாம் கோற்பை சுமக்கிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள் தங்களுக்குள் இந்த அடிகளை என்ன சொல்லிக் கதைக்கிறார்கள் என்று அருகில் இருப்பவர்கள் கேட்டு எழுதவேண்டும். நாங்கள் இங்கே கட்டுவதைவிட நல்ல சொல் அவர்கள் வாயில் இருக்கக்கூடும். அதுவரை தொகுப்பில் தத்துருட்டை ஏற்றுங்கள், அமரடிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள், தூக்கடியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து