கிரானைட்வில் மில்லை மூட வைத்தது ரயிலா, சந்தையா?

தண்டவாளன்:
அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் இருக்கும் கிரானைட்வில், மில்லுக்காகவே கட்டிய ஊர். 1845-ல் வில்லியம் கிரெக் கம்பெனி தொடங்கினார். ஓடைத் தண்ணீரில் தறி ஓட்டலாம், சார்ல்ஸ்டனிலிருந்து அதே மாநிலத்தின் ஹாம்பர்க் போகும் 136 மைல் ரயில்பாதையும் பக்கத்திலேயே. 1833-ல் அந்தப் பாதை முடிந்தபோது உலகிலேயே நீளமானது. அந்த ஊரை முடித்ததும் ரயில்தான். 2005 ஜனவரி 6 அதிகாலை, தண்டவாளம் பிரியும் இடத்தில் ரயிலை வழிமாற்றும் பாயின்டைத் திருப்பி வைக்காமல் போனதால் சரக்கு ரயில் சைடிங்கில், அதாவது பக்கத் தண்டவாளத்தில், புகுந்து, அங்கே நின்ற ரயிலில் மோதியது. குளோரின் டேங்கர் உடைந்து 9 பேர் செத்தார்கள். ஏறக்குறைய 5,400 பேரை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டே, அப்போது மில்லை நடத்திய அவாண்டேல் கம்பெனி அதை மூடியது.

நூல்கண்டு:
தேதியை ஐந்து நாள் பின்னால் தள்ளிப் பாருங்கள். 2005 ஜனவரி 1-ல்தான் உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை, அதாவது எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி இறக்குமதி ஆகலாம் என்ற வரம்பு, முடிந்தது. அதற்கு முன்பே தென் மாநிலங்களில் மில்கள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. விபத்து நடக்காவிட்டால் இன்னும் சில வருஷம் இழுத்திருக்கும், அவ்வளவுதான்.

தண்டவாளன்:
சில வருஷம் என்பது தொழிலாளிக்குச் சின்ன விஷயமா? குளோரின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மெஷின், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அரித்துப்போயின. மூடும்போது கம்பெனியே இதைத்தான் காரணமாகச் சொன்னது.

நூல்கண்டு:
ரயில் கம்பெனி மேல் வழக்குப் போட்டவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் இருந்த மில்களையும் சேர்த்துத்தானே மூடினார்கள். குளோரின் அங்கேயும் போனதா?

தண்டவாளன்:
துணிக்குச் சாயமேற்றி முடித்துத் தரும் ஆலை கிரானைட்வில்லில் இருந்தது. கடைசி வேலை நடக்கும் இடமே படுத்துவிட்டால் மற்ற ஊரில் நெய்து என்ன செய்ய?

கரிசல்:
இடையில் ஒரு வார்த்தை. ‘ஊர், ஊர்’ என்கிறீர்களே, அது யாருடைய ஊர்? கிரெக் வீடு கொடுத்தார், பள்ளிக்கூடம் கட்டினார், சரி. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம், சாராயத்துக்குத் தடை. வேலை வெள்ளைக்கார ஏழைகளுக்குத்தான். பஞ்சு மட்டும் அடிமைகள் பறித்தது. 1915-ல் அந்த மாநிலம் சட்டமே போட்டது: மில்லின் ஒரே அறையில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்று. 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் கறுப்பருக்குக் கதவு சரியாகத் திறந்தது. நாற்பது வருஷத்தில் மில்லே போய்விட்டது.

நூல்கண்டு:
நியாயமான பேச்சு. ஆனால் மூடியதற்குக் காரணம் அது இல்லையே?

கரிசல்:
காரணம் என்று நான் சொல்லவில்லை. இழப்புக் கணக்கு எழுதும்போது, கடைசியாக உள்ளே வந்தவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன்.

தண்டவாளன்:
சேர்க்கலாம். ஆனாலும் அன்று பாயின்டைத் திருப்பி வைத்திருந்தால் அந்த 9 பேர் இருந்திருப்பார்கள். அதற்குச் சந்தை பதில் சொல்லாது, நூல்கண்டு.