ஏஜென்ட்டுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி நாம என்னெல்லாம் ரெடி பண்ணி வெச்சுக்கணும்?

கூடுதேடி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் முதல்முதலா சொந்த வீடு வாங்கலாம்னு முடிவு பண்ணிருக்கோம். ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், கொஞ்சம் சேமிப்பும் இருக்கு, ஆனா ஏஜென்ட்டுக்கு போன் போட்டா முதல் கேள்வியே பட்ஜெட் எவ்வளவு, எத்தனை பெட்ரூம்னுதான் வரும், ரெண்டுக்கும் எங்ககிட்ட உருப்படியா பதில் இல்ல. 4 வயசுல பொண்ணு இருக்கா, மாமியாருக்கு முழங்கால் வலி, அவங்களும் எங்க கூடத்தான். எதுல இருந்து ஆரம்பிக்கறதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குநோட்டு:
முதல்ல பணம்தாங்க. பேங்க் எவ்வளவு லோன் தரும்னு பார்த்து அதையே பட்ஜெட்னு வெச்சுக்காதீங்க, உங்க பொண்ணு ஸ்கூல் ஃபீஸ், மாமியார் மருந்து செலவு எல்லாம் பேங்குக்குத் தெரியாது. 9% வட்டியில 20 வருஷ லோன் போட்டா கடைசியில திருப்பிக் கட்டுற மொத்தம் வாங்குன தொகையை விட 2 மடங்குக்கும் மேல, முதல் மாச இஎம்ஐ-ல (மாசாமாசம் கட்டுற தவணை) ஆறுல அஞ்சு பங்கு வட்டிக்கே போயிடும். இதுல ஃப்ளோட்டிங் ரேட்டா, அதாவது நடுவுல ஏறி இறங்குற வட்டியா இருந்து, அது 10% ஆச்சுன்னா இஎம்ஐ கிட்டத்தட்ட 7% ஏறும், அதையும் தாங்குமான்னு இப்பவே போட்டுப் பாருங்க.

நாங்க ஒண்ணு பண்ணோம், அது ரொம்ப உதவுச்சு. வர்ற இஎம்ஐ எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, இப்ப கட்டுற வாடகையை அதுல கழிச்சு, மிச்சத்தை 6 மாசம் தனி அக்கவுண்ட்ல போட்டோம், அதைத் தொடவே இல்ல. மூணாவது மாசமே மூச்சு முட்டுச்சு, உடனே பட்ஜெட்டைக் குறைச்சோம். வீடு வாங்குனதுக்கு அப்புறம் அது தெரிஞ்சிருந்தா என்ன பண்ணிருப்போம்னு இப்பவும் நினைச்சுப் பார்ப்பேன். அப்புறம் கையில இருக்கிற சேமிப்பு பூரா முன்பணத்துக்குன்னு எடுத்து வெச்சுடாதீங்க, பதிவுச் செலவு, லோன் ப்ராசஸிங், வீட்டை செக் பண்ண ஆள், சாமான் ஏத்தி இறக்குற செலவுன்னு வரிசையா வரும், அவசரத்துக்கும் சில மாச செலவு தனியா இருக்கணும்.

பழையவாடகை:
மேல சொன்னது அத்தனையும் உண்மை. கூடவே ரெண்டு பேரோட கிரெடிட் ரிப்போர்ட்டையும் (நம்ம லோன், கார்டு எல்லாம் எப்படிக் கட்டிருக்கோம்ங்கற பதிவு) இப்பவே எடுத்துப் பாருங்க சிஸ்டர், எப்பவோ அடைச்ச லோன் ஒண்ணு இன்னும் பாக்கின்னு என் ரிப்போர்ட்ல இருந்துச்சு, அதைச் சரி பண்றதுக்குள்ள பார்த்து வெச்ச வீடு கைவிட்டுப் போச்சு. வீடு முடியற வரைக்கும் புதுசா கார் லோன், கார்டுன்னு எதுவும் எடுக்காதீங்க.

மாடிப்படி:
நான் வீட்டைப் பத்தி சொல்றேன். நீங்களும் உங்க வீட்டுக்காரரும் தனித்தனியா உக்காந்து ஆளுக்கொரு பேப்பர்ல எழுதுங்க, ஒருத்தர் எழுதறதை ஒருத்தர் பார்க்கக்கூடாது. இது இல்லன்னா வீடே வேண்டாம்ங்கறது அஞ்சே அஞ்சு, மத்ததெல்லாம் இருந்தா நல்லதுங்கற பக்கம். நாங்க இதைப் பண்ணாம போய் 14 வீடு பார்த்தோம், ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் சண்டை. மாமியாரையும் கண்டிப்பா கேளுங்க, தரைத்தளமா லிஃப்ட்டா, பாத்ரூம் ரூமுக்குப் பக்கத்துல இருக்கணுமான்னு அவங்கதான் சொல்லணும். ஏரியாவை நீங்களே போய் பாருங்க, காலைல ஆபீஸ் நேரத்துல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, முடிஞ்சா நல்லா மழை பெஞ்ச மறுநாள் ஒரு தடவை. மழைக்கு மறுநாள் போனதாலதான் நாங்க ஒரு தெருவையே லிஸ்ட்ல இருந்து எடுத்தோம்.

கூடுதேடி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து ராத்திரி பேப்பர்ல எழுதிட்டோம், அஞ்சுல ஒண்ணுதான் ஒத்துப்போச்சு, அது படி ஏறாத வீடு. அவருக்கு பார்க்கிங் முதல்ல, எனக்கு ஸ்கூல் நடக்கிற தூரத்துல இருக்கணும். மாமியார் ஜன்னல் வழியா வெளிய பார்க்கணும்னு சொன்னாங்க, அது எங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. இன்னொரு டவுட், பேங்க்ல முன்கூட்டியே லோன் ஒப்புதல் வாங்கினா அந்த லெட்டரை ஏஜென்ட்கிட்ட காட்டணுமா?

கணக்குநோட்டு:
வாங்கி வைங்க, வாங்கற ஆளுன்னு நம்பி வீடு காட்டுவாங்க. ஆனா முழுத் தொகையைச் சொல்லாதீங்க, சொன்னா அந்த விலைக்குத்தான் வீடு வரும், பேரம் பேசவும் இடம் இருக்காது. பல இடத்துல கமிஷன் விலையில இத்தனை சதவீதம்னு இருக்கு, அதனால ஏஜென்ட் யாருக்காக வேலை பார்க்கறார், உங்களுக்கா விக்கிறவருக்கான்னு முதல் போன்லயே கேட்டுடுங்க. லெட்டர்ல உங்க பட்ஜெட் அளவு மட்டும் போட்டுத் தர முடியுமான்னு பேங்க்ல கேட்டுப் பாருங்க, எங்களுக்குத் தந்தாங்க.