ஜிமெயிலில் பாதியில் நிற்கும் தொடர்கதை

கேள்வி: சப்ஸ்டாக்கில் (எழுதியதை வாசகர்களுக்கு மெயிலில் அனுப்பும் தளம்) வாரம் ஓர் அத்தியாயம் அனுப்புகிறேன், சுமார் 3,000 சொல். கொலைகாரன் கதவைத் தட்டும் இடத்தோடு மெயில் நின்றுவிடுகிறது என்று ஜிமெயிலில் படிப்பவர்கள் சொல்கிறார்கள், நான் 'தொடரும்' போட்டது அங்கே இல்லையே!

பதில்: மெயிலின் அளவு சுமார் 102 கேபி (கிலோபைட்) தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், நம்ம 'கொ'வுக்கு மட்டும் 6, அதனால் சீக்கிரமே நிரம்பிவிடும். 1,500 சொல்லோடு நிறுத்திப் பாருங்கள்.

பதில்: ஆனாலும் ஜிமெயில் நிறுத்திய இடம் நல்ல இடம்தான் :)

கேட்டவர்: சரி, இரண்டாக உடைக்கிறேன். அப்புறம், கட்டணச் சந்தா வைக்கலாமா?

பதில்: சந்தாவில் 10 சதவீதம் சப்ஸ்டாக்குக்கு, பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் கழிவு தனி. முதல் நாலைந்து அத்தியாயத்தை இலவசமாகவே விடுங்கள்.