ஜனவரியில் வகுப்பே இல்லை, ஸ்கீ ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பனிப்பெடியன்:
வணக்கம். பெர்னில் பிறந்து வளர்ந்தவன், இந்தப் பருவம்தான் முதன்முதலாக ஓபர்லாண்ட் மலைப் பக்கம் ஒரு ஸ்கீப் பள்ளியில் ஆசிரியராகச் சிவப்பு ஜாக்கெட் போட்டிருக்கிறேன். நத்தார், புதுவருடக் கிழமைகளில் மூச்சுவிட நேரமில்லை. ஒன்பது பிள்ளைகள், ஒன்றுக்கு மூக்கு ஒழுகும், ஒன்றுக்குக் கையுறையைக் காணாது, இன்னொன்றுக்கு லிஃப்டில் ஏறும்போதுதான் மூத்திரம் வரும். ஆறாம் தேதியோடு எல்லாம் நின்றுவிட்டது. ஒன்பதரைக்குக் கூடுமிடத்தில் போய் நிற்கிறேன், பத்து மணிக்கு 'இன்றைக்கு ஒன்றும் இல்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். மணிக்கணக்குச் சம்பளம், வாடகை மட்டும் மாதக்கணக்கு. அம்மா, 'பேசாமல் வந்து மாமாவின் கடையில் நில்' என்கிறார். எல்லா வருடமும் இப்படித்தானா, இல்லை என்னைத்தான் ஒதுக்குகிறார்களா?

பழையபலகை:
ஒருத்தரும் ஒதுக்கவில்லை தம்பி. இதற்கு ஜெர்மன்காரர் வைத்த பெயரே 'யானுவார்லொக்', ஜனவரிப் பள்ளம். பெப்ரவரியில் கன்டோன் (சுவிஸ் மாநிலம்) கன்டோனாகப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டு விடுமுறை தொடங்கும்வரை அதற்குள்தான் கிடக்கவேண்டும், பிறகு ஒரு நாள் ஓய்வு கேட்டாலும் கிடைக்காது. இருக்கிற கொஞ்ச வகுப்பும் மேல்நிலைப் பட்டயம் உள்ளவர்களுக்கும், பழைய விருந்தினர் பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கும்தான் போகும். என் முதல் ஜனவரியில் மொத்தமே பதினொரு மணி நேரம்தான் படிப்பித்தேன்.

இப்போது உங்கள் சறுக்கலைத் திருத்துங்கள். இரண்டு கிழமை 'பிட்ஸா, பிட்ஸா' (ஸ்கீ முனைகளைச் சேர்த்து முக்கோணமாக வை என்று பிள்ளைகளுக்குச் சொல்வது) என்று கத்திக்கொண்டு காலை விரித்துப் பின்பக்கமாக இறங்கியதில் உங்கள் காலும் அப்படியே பழகியிருக்கும், ஒரு நீண்ட வளைவு போட்டுப் பாருங்கள், தெரியும். பாதை காலியாக இருக்கிறது, மூத்தவர் ஒருவரின் தடத்திலேயே பின்னால் போங்கள். ஜனவரி நடுவில் வெங்கன் ஊரில் லாவ்பர்ஹார்ன் ஸ்கீப் போட்டி வேறு இருக்கிறது, ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர், உலகக்கிண்ணத்தில் அதைவிட நீளமான டவுன்ஹில் (மலையிறக்க வேகப்பந்தயம்) கிடையாது. இரவில் பனி கொட்டினால் அந்தப் போட்டிப் பாதையில் ஸ்கீயைக் குறுக்கே வைத்து வழுக்கியே புதுப்பனியை ஓரம் தள்ள ஆட்கள் வேண்டும். காசுக்காகப் போகவேண்டாம், அந்தப் பாதையிலுள்ள ஹுண்ட்ஷோப் பாறை மேல் நின்று கீழே பார்ப்பதற்காகப் போங்கள், தொலைக்காட்சியில் அந்தச் சரிவு பாதிகூடத் தெரியாது.

மெழுகுக்கை:
அண்ணா சொன்னது சரி, ஆனால் சும்மா போய் நிற்கிற விஷயத்தை அவர் தாண்டிப் போய்விட்டார். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேலையிடத்தில் காத்திருக்கச் சொன்னால் அந்த நேரம் முழுக்க வேலை நேரம் என்றுதான் சுவிஸ் தொழில் சட்டம் சொல்கிறது. கூப்பிட்டால் வரவேண்டும் என்று வீட்டில் காத்திருக்க வைத்தால்கூட ஏதாவது தரவேண்டும் என்று 1998இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது, முழுச் சம்பளமாக இருக்கவேண்டும் என்றில்லை. சண்டை போடாமல் கேளுங்கள்.

மற்றது, நான் வாடகைக் கடையில் இருக்கிறேன். ஃபோன் காற்று (தொலைபேசி இல்லை, தெற்கிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று) அடித்துப் பனி உருகி இரவில் உறைந்தால் அடுத்த நாள் பாதை கண்ணாடிதான், மழுங்கிய ஸ்கீ எல்லாம் மாலையில் எங்கள் மேசைக்கு வரும். ஸ்கீயின் இரும்பு விளிம்பைத் தீட்டத் தெரிந்த ஆளை ஒரு கடையும் வேண்டாம் என்னாது.

குழம்புச்சட்டி:
மாமா கடைக்குத் திங்கள் முதல் வியாழன் வரை போங்கோ, சனி ஞாயிறு மலையை விட்டு இறங்காதீங்கோ. தனி வகுப்பு வந்தால் அந்த இரண்டு நாளில்தான் வரும்.

பனிப்பெடியன்:
எல்லோருக்கும் நன்றி. அலுவலகத்தில் கேட்டேன், இனி முந்தின நாள் மாலையே தகவல் அனுப்புவார்களாம், காத்திருந்ததற்கான காசைப் பற்றி 'பார்க்கலாம்' என்றார்கள். கடையில் இரண்டு மாலை கிடைத்திருக்கிறது. முதல் நாளே பெருவிரலைக் கிழித்துக்கொண்டேன், கையுறை போடாமல் விளிம்பைத் தடவிப் பார்த்தது என் பிழை. பொங்கலுக்கு பெர்னுக்குப் போகிறேன், இந்தப் பள்ளத்தால் ஒரு புக்கையாவது கிடைக்கிறது. ஸ்கீயை ரயிலில் தூக்கிக்கொண்டு போவதா, அறையில் விடுவதா என்றுதான் தெரியவில்லை, போன கிழமை பக்கத்து அறைக்காரனுடையதைக் காணவில்லை.