இன்குபேட்டரில் வைக்க நாட்டுக்கோழி முட்டையைக் கத்திரி வெயிலில் எப்படிச் சேர்த்து வைப்பது? (கடலூர்)

மஞ்சக்குப்பம்_கோழி:
எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் வீட்டுக்குப் பின்னால் ஆறு சிறுவிடைக் கோழி, ஒரு சேவல் வளர்க்கிறோம். இதுவரை அடைக்கோழியை வைத்துத்தான் குஞ்சு எடுத்தோம், இப்போது ஐம்பது முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று முட்டை, சில நாள் நான்கு கிடைக்கிறது, பெட்டி நிறைய வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு மேல் சேர்க்க வேண்டும். அம்மா அரிசிப் பானையில் புதைத்து வை என்கிறார், தம்பி ஃபிரிட்ஜில் வை என்கிறான். மதியத்தில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி காட்டுகிறது. முட்டை எத்தனை நாள் தாங்கும்? எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவலாமா? பண்ருட்டியில் உறவினர் பெருவிடை முட்டை தருவதாகச் சொல்கிறார்கள், பைக்கில் கொண்டு வந்தால் பொரிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகூர்_பண்ணை:
தம்பி, பெட்டி நிறைய வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இருபது முட்டை வைத்தாலும் அந்தப் பெட்டி ஓடும், கரண்ட் செலவில் பெரிய வித்தியாசம் வராது. ஏழு நாள் முட்டையைச் சேர்த்து வையுங்கள், அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறைந்துகொண்டே போகும்.

முட்டையைக் கோழி இடும்போதே கரு உள்ளே ஆயிரக்கணக்கான செல்களாக வளர்ந்திருக்கும். வெளியே வந்து சூடு தணிந்ததும் அந்த வளர்ச்சி நின்றுவிடும், ஆனால் அப்படி நிற்க 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் வீட்டில் ஏது 20 டிகிரி? 33 டிகிரியில் கரு தூங்கவும் தூங்காது, ஒழுங்காக வளரவும் வளராது, அரைகுறையாக வளர்ந்து செத்துப் போகும். அப்புறம் ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் கூமுட்டை, சேவல் சரியில்லை" என்று நல்ல சேவலைக் குழம்பு வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம். கோடையில் சேவல் மேல் பழி போடுவதற்கு முன் முட்டை இருந்த இடத்தைப் பாருங்கள். ஆறு கோழிக்கு ஒரு சேவல் தாராளம், பத்து வரைக்கும் சமாளிக்கும்.

அரிசிப் பானையில் முட்டை ஆடாது, உடையாது, அவ்வளவுதான். வீட்டுக்குள் என்ன சூடோ அதேதான் பானைக்குள்ளும்.

நெய்வேலி_சேவல்:
அக்கா சொல்வது சரி, ஆனால் மண்பானையை விட்டுவிட்டீர்களே. அகலமான சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி நன்றாக நனைத்து, அதன் மேல் சின்னப் பானையைப் பாதி புதைத்து, உள்ளே வைக்கோல் போட்டு முட்டையை வைத்து, பருத்தித் துணியால் வாயைக் கட்டினால் போதும். மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். எங்கள் பக்கம் பல வீட்டில் இப்படித்தான், செலவே இல்லை.

பாகூர்_பண்ணை:
தம்பி, பானை நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஆவியானால்தான் பானை குளிரும். காலையில் மேல்காற்று அடிக்கும்போது நன்றாகக் குளிரும், மதியம் கடல்காற்று ஏறியதும் ஈரம் கூடிவிடும், ஆவியாவது குறைந்துவிடும். கடலூர், புதுச்சேரியில் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு மே மாதத்தில் பானைக்குள் 27, 28 கிடைத்தாலே பெரிது. வேறு வழி இல்லையென்றால் ஓரிரு நாள் சமாளிக்கலாம், பத்து நாளுக்குப் போதாது. துணி ஈரமாகி முட்டையில் பூஞ்சை பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் தம்பிக்கு நான் சொல்வது தெர்மாகோல் பெட்டி. மீன் ஏற்றி வரும் பெட்டி துறைமுகத்துப் பக்கம் கிடைக்கும், நன்றாகக் கழுவி வாசனை போகக் காய வைத்தால் போதும். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணியில் சுற்றி ஒரு மூலையில் நிறுத்துங்கள், முட்டை அதைத் தொடக் கூடாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டு 16 முதல் 18 டிகிரி நிற்கிறதா என்று பாருங்கள். காலையில் ஒரு பாட்டில், இரவில் ஒரு பாட்டில் மாற்ற வேண்டியிருக்கும். ஒருவேளை 19, 20 காட்டினாலும் பரவாயில்லை, ஆனால் காலையில் 14, மாலையில் 28 என்று ஏறி இறங்கினால்தான் கெடுதல். ஃபிரிட்ஜ் சாதாரணமாக 4, 5 டிகிரியில் ஓடும், அது கருவுக்கு அதிகக் குளிர்.

சிதம்பரம்_இன்குபேட்டர்:
மற்ற கேள்விகளுக்கு நான் சொல்கிறேன்.

கழுவவே கழுவாதீர்கள். முட்டை இட்டதும் மேலே ஈரமாக ஒரு பூச்சு இருக்கும், கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடி வைப்பது அந்தப் பூச்சுதான். கழுவினால் அது போய்விடும். பச்சைத் தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே உள்ள அழுக்கையும் கிருமியையும் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். லேசாக ஒட்டியிருக்கிற எச்சத்தைக் காய விட்டு உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். நிறைய ஒட்டியிருந்தால் ஆம்லெட்டுக்குப் போகட்டும். அழுகின முட்டை ஒன்று உள்ளே வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும், வீடே நாறும். முட்டையிடும் கூடையில் வைக்கோலை அடிக்கடி மாற்றினால் இந்தப் பிரச்சினை பாதி குறையும்.

எடுக்கும்போதே பென்சிலால் தேதி எழுதுங்கள், மார்க்கர் வேண்டாம். கூர்முனை கீழே, அகலமான பக்கம் மேலே, காற்றறை அங்கேதான் இருக்கிறது. முட்டை அட்டையில் அடுக்கி, அட்டையின் ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாயுங்கள், மறுநாள் செங்கலை மறுபக்கம் மாற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் வைத்துவிடுவதாக இருந்தால் இதுகூட அவசியமில்லை. ஓடு மெலிந்தது, சொரசொரப்பானது, ரொம்ப நீளமானது, விடைக்கோழியின் முதல் குட்டி முட்டை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஓடு மெலிந்தே வருகிறதென்றால் தீவனத்தோடு கிளிஞ்சலைப் பொடித்துப் போடுங்கள், நம் கடற்கரையில் அதற்கா பஞ்சம்.

பண்ருட்டி முட்டை தாராளமாகப் பொரிக்கும். அட்டையில் அடுக்கி, சுற்றிலும் வைக்கோல் வைத்துக் கட்டி, வெயில் ஏறும் முன் கொண்டு வாருங்கள். டிக்கியில் வைத்துப் பூட்டினால் வெந்துவிடும், மடியில் வைத்துப் பின்னால் உட்கார ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். வந்ததும் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் இன்குபேட்டரில் வையுங்கள்.

மஞ்சக்குப்பம்_கோழி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. தெர்மாகோல் பெட்டி கிடைத்துவிட்டது. 17 டிகிரியில் இருந்து எடுத்து அப்படியே இன்குபேட்டரில் வைக்கலாமா? சோதனைக்கு ஒரு முட்டையை வெளியே எடுத்தேன், முத்து முத்தாக வியர்த்துவிட்டது. இன்குபேட்டருக்குள் தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதும் குழப்பமாக இருக்கிறது, கூட வந்த தாளில் முதல் நாளே இரண்டு பள்ளத்தையும் நிரப்பச் சொல்லியிருக்கிறது.

சிதம்பரம்_இன்குபேட்டர்:
அந்த வியர்வைதான் ஆபத்து, அதில் கிருமி ஊறி உள்ளே போகும். வைப்பதற்கு முந்தின இரவு ஐஸ் பாட்டிலை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டியை மூடியபடியே வையுங்கள். விடிவதற்குள் முட்டை மெல்ல மெல்ல அறைச் சூட்டுக்கு வந்துவிடும். அதற்கு மேலும் வியர்த்தால் துடைக்காதீர்கள், ஃபேன் காற்றில் தானாகக் காயட்டும். இன்குபேட்டரை முதல் நாளே போட்டு, ஃபேன் உள்ள பெட்டியென்றால் 37.5 முதல் 37.8 டிகிரியில் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு முட்டையை வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அந்தத் தாளை நம் ஊருக்கு அப்படியே நம்ப வேண்டாம். நம் காற்றில் இருக்கிற ஈரமே, 37 டிகிரிக்குச் சூடானாலும், பெட்டிக்குள் 45, 50 சதவீதம் காட்டும். முதல் 18 நாளுக்கு அது கிட்டத்தட்ட போதும். இரண்டு பள்ளமும் நிரப்பினால் முட்டையிலிருந்து நீர் வெளியேறாது, காற்றறை சின்னதாகவே இருந்துவிடும், குஞ்சு ஓட்டைக் கொத்தும் நேரத்தில் மூச்சு முட்டிச் சாகும். 18ஆம் நாள் வரைக்கும் முட்டை எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைய வேண்டும், சமையல் தராசிலேயே பார்க்கலாம். அந்த நாளில் முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, அப்போது பள்ளங்களை நிரப்பி ஈரத்தை 65, 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். ஈரமானி சரியா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சேறு மாதிரி நனைத்து, ஈரமானியோடு டப்பாவில் இறுக்கி மூடி அடுத்த நாள் பாருங்கள், 75 காட்ட வேண்டும்.

பாகூர்_பண்ணை:
ஒரே வைப்பில் பத்து நாள் முட்டையும் நேற்று இட்ட முட்டையும் கலந்தால் பழையது பல மணி நேரம் தாமதமாகப் பொரிக்கும். முதல் குஞ்சு வந்ததும் மூடியைத் திறந்துவிடாதீர்கள், ஈரம் போய் மற்றவை ஓட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். வந்த குஞ்சுக்கு வயிற்றுக்குள் மஞ்சள் கரு இருக்கிறது, இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். கரண்ட் போனால் பெட்டி மேல் போர்வையைப் போட்டு மூடுங்கள், காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த வெயிலில் மூன்று மணி நேரம் போனாலும் பயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மட்டும் வீட்டில் ஒரு அடைக்கோழி தயாராக இருக்கட்டும். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.